ஏழாம் அத்தியாயம்: எழ மறுக்கும் வட்டு

சென்ற அத்தியாயத்தில் சொன்ன பிரகாரம் லினக்ஸ் லைவ் சிடி ஒன்றைத் தயாரித்து, அதைக் கணிப்பொறியில் இட்டு, விசையைத் தட்டிக் காத்திருந்த பிறகும், எதிர்பார்த்த முகப்புத் திரை தோன்றாமல், வெறும் கறுப்புத் திரையோ, பொருள் விளங்காத ஆங்கில வரிகளோ, அல்லது வட்டு என ஒன்று உள்ளே இருப்பதையே அறியாததுபோல் பழைய விண்டோஸோ வந்து நின்றால், மனம் சலித்து இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதில் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. அது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கவனித்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வதே முதற்காரியம். வட்டு சுழலத் தொடங்கியதிலிருந்து இயங்குதளம் முழுவதும் எழுந்து நிற்பதற்குள் பொறுப்பு நாலைந்து கைகள் மாறுகிறது. எந்தக் கையில் அது நழுவியது என்று தெரிந்துவிட்டால் பரிகாரம் பெரும்பாலும் சுலபமானது. தெரியாவிட்டாலோ, அகப்பட்ட உபாயங்களையெல்லாம் ஒரே சமயத்தில் பிரயோகித்து, எது நன்மை செய்தது, எது கெடுதல் செய்தது என்று அறியாமல் விழிக்க நேரிடும்.

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையை உத்தேசித்து இந்த அத்தியாயத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கோட்டை வாசலுக்கு வெளியே சாலைக் கம்போளத்து மொத்த வியாபாரக் கடைகளிலும், வாசலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத்து வீடுகளிலும், பதினைந்து வருஷம் உழைத்தும் இன்னும் ஓய்வு கிடைக்காத கணிப்பொறிகளைக் காணலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பராமரிப்பு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்தது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. புதுக் கணிப்பொறி வாங்க மனமில்லாதவர்களும், வாங்க வேண்டிய அவசியத்தை ஒப்புக்கொள்ளாதவர்களும் (இரண்டாம் வகையினரே புத்திசாலிகள் என்பது என் அபிப்பிராயம்) லினக்ஸை நாடுவது இயல்பே. வன்வட்டைத் தொடாமல் அதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கும், "அண்ணாச்சி, சிஸ்டம் கிளம்பவே மாட்டேங்குது, வரவு செலவெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு" என்று அலறும் நாளில் அந்தக் கணக்குகளை மீட்டெடுப்பதற்கும், லைவ் சிடியைப்போல் உதவுவது வேறில்லை.

இந்த நகரத்துக்கும் இந்த வகை மென்பொருளுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்த 2001 ஜூலை 20 அன்றுதான் இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை இங்கே தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் பிறந்த ஐ.டி. அட் ஸ்கூல் என்ற கேரள அரசுத் திட்டம், பள்ளிக்கூடங்களின் கணிப்பொறிக் கல்வியைப் படிப்படியாகக் க்னு லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. ஆகையால் இந்தப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்கு லினக்ஸ் அந்நிய வஸ்து அல்ல. ஆனால் இதிலேயே ஒரு பொறியும் மறைந்திருக்கிறது. பள்ளிகளுக்கென்று தயாரித்த 18.04 என்ற பதிப்பு, உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் அதே எண்ணுடைய பதிப்பை ஆதாரமாகக் கொண்டது. அது 700 எம்பி கொள்ளும் சிடியில் அடங்காது, 4.7 ஜிபி கொள்ளும் டிவிடியே அதற்கு வேண்டும். பிள்ளை கொண்டுவந்த அந்த டிவிடியை, சிடியை மட்டுமே படிக்கத் தெரிந்த பழைய டிரைவில் இட்டால், அது சற்று நேரம் முனகிவிட்டு மௌனமாகிவிடும். இதில் வட்டும் குற்றமற்றது, இயந்திரமும் குற்றமற்றது. டிரைவின் முகப்பில் டிவிடி என்ற முத்திரை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நலம்.

இனி, வட்டு எழும் விதத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். கணிப்பொறியைப் போட்டவுடன் கண்விழிப்பது, தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரல். அது தன் உறுப்புகளைச் சோதித்துக்கொண்டு, எந்தச் சாதனத்திலிருந்து துவங்குவது என்று தன் பட்டியலைப் பார்க்கும். சிடியின் முறை வரும்போது, 2048 பைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்திருக்கும் அந்த வட்டின் 17-ஆம் எண்ணுள்ள துண்டில் துவக்கக் குறிப்பு இருக்கிறதா என்று தேடும். ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய இரண்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் 1995-இல் வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு எல் டொரிட்டோ என்று பெயர். அது அமெரிக்காவிலுள்ள ஓர் உணவகத்தின் பெயர் என்றும், யோசனை அங்கே உதித்ததென்றும் சொல்வார்கள். இங்கே பழவங்காடிக் காப்பிக் கடைகளில் உதித்த யோசனைகளும் கொஞ்சமல்ல, எழுதி வைப்பாரில்லை. அது நிற்க, குறிப்பு அகப்பட்டால் பயாஸ் அதன் வழியே ஐசோலினக்ஸ் என்ற துவக்கியை நினைவகத்தில் ஏற்றும். துவக்கி ஒரு பட்டியலைத் திரையில் காட்டி, லினக்ஸின் கருவான கெர்னலையும், அதனுடன் தொடக்கக் கோப்பமைப்பு என்னும் ஒரு சிறு மூட்டையையும் ஏற்றும். கெர்னல் எழுந்தபின், அந்த மூட்டையிலுள்ள நிரல்கள் மறுபடியும் சிடியைத் தேடிப் பிடித்து, அதில் சுருக்கி வைத்திருக்கும் பெரிய கோப்பை விரித்து, முழு இயங்குதளத்தையும் நிறுத்தும். கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், இந்தச் சுருக்கும் வித்தையினால் ஏறக்குறைய 2 ஜிபி அளவுள்ள மென்பொருளை 700 எம்பி வட்டில் அடக்கிக் காட்டியபோதுதான் லைவ் சிடி என்பது உலகம் அறிந்த பொருளாயிற்று.

முதற்கட்டத்திலேயே வட்டு கவனிக்கப்படாமல் விண்டோஸ் வந்துவிட்டால், பயாஸ் பட்டியலில் வன்வட்டு சிடிக்கு முன்னால் நிற்கிறது என்பதே பொதுவான காரணம். துவக்கத்தில் டெல் நிறுவனக் கணிப்பொறிகளிலும் லெனோவோவிலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப் என்று ஒரு விசையை அழுத்தினால், அந்த ஒரு தடவைக்கு மட்டும் எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். உதிரியாகப் பொருத்திய பெட்டிகளில் டெலிட் விசையை அழுத்தி உள்ளே சென்று வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய வரிசை மறுநாளே மறந்துபோய், கடிகாரமும் பழைய தேதியைக் காட்டுமானால், தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அறிக. அதை மாற்றுவதற்கு மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழையதை நகத்தால் நெம்பி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்தால் போதும்.

வரிசையும் சரியாக இருந்து, டிவிடி தகராறும் இல்லாமல், வட்டு அப்போதும் துவங்காவிட்டால், அதை வேறொரு கணிப்பொறியில் இட்டுத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே பல கோப்புறைகளும் கோப்புகளும் தெரிந்தால் சரி. ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் தெரிந்தால், வட்டை எழுதியவர் வட்டின் பிம்பமான அந்தக் கோப்பை விரித்து எழுதாமல், சினிமாப் பாட்டைப் பதிவதுபோல அதைச் சாதாரணக் கோப்பாகப் பதிந்துவிட்டார் என்று பொருள். அப்படிப்பட்ட வட்டில் 17-ஆம் துண்டுக்குரிய துவக்கக் குறிப்பு இராது. எத்தனை முறை இட்டாலும் அது துவங்காது. எழுதும் மென்பொருளில் பிம்பத்தை எழுது என்ற வகையில் உள்ள கட்டளையைத் தேர்ந்து வேறு வட்டில் எழுதிக்கொள்வதே வழி. காசு கொடுத்துக் கடையில் எழுதி வாங்கிய வட்டுகளிலும் இந்தப் பிழை உண்டாகலாம். கடையைவிட்டு இறங்குமுன் அங்கேயே ஒருமுறை திறந்து காட்டச் சொல்வதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல் விற்பனையான இயந்திரங்களில் பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ என்ற ஏற்பாடும், கையொப்பமிடாத துவக்கியை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் என்னும் காவலும் இருக்கும். பழைய லைவ் சிடிகளுக்கு அந்தக் கையொப்பம் கிடையாது. அமைப்புப் பக்கத்துக்குச் சென்று செக்யூர் பூட்டை நிறுத்தி, லெகஸி அல்லது சிஎஸ்எம் என்று குறித்திருப்பதை அனுமதித்தால் வழி திறக்கும். வேலை முடிந்தபின் இரண்டையும் முன்போலவே வைத்துவிட வேண்டும். இல்லாவிடில் மறுநாள் விண்டோஸ் கோபித்துக்கொள்ளும்.

துவக்கியின் பெயர் திரையில் தோன்றி, அதை அடுத்து டிஸ்க் எர்ரர் என்ற வரியோடு நின்றாலும், பட்டியல் தோன்றியும் கெர்னலை ஏற்றும்போது புள்ளிகள் ஊர்ந்து ஊர்ந்து நடுவில் நின்றாலும், வட்டையே சந்தேகிக்க வேண்டும். என் அனுபவத்தில் எழாத லைவ் சிடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வட்டுதான். ஆனால் ஜனங்கள் கடைசியாகச் சந்தேகிப்பதும் அதைத்தான், ஏனென்றால் பார்வைக்கு அது பளபளவென்று புதிதாக இருக்கிறது. பிம்பத்தை இறக்கும்போதே இணைப்பு அறுந்து குறைபட்டிருக்கலாம். அதற்காகவே வெளியிடுபவர்கள் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணையும் உடன் தருகிறார்கள். இறக்கிய கோப்புக்கு அதே எண்ணைக் கணித்து, ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். எழுதும்போது வட்டின் மேல் 52 எக்ஸ் என்று பெருமையாக அச்சிட்டிருந்தாலும் அந்த வேகத்துக்கு ஆசைப்படலாகாது. ஒரு எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி. 8 எக்ஸில் எழுதினால் முழு வட்டுக்கும் பத்து நிமிஷம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம்பிடிக்கப் போய், தேய்ந்த கண்ணாடியுள்ள பழைய டிரைவ் படிக்க முடியாத மங்கலான தடங்களை உண்டாக்கிக்கொள்வது மதியீனம். அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிப்பவை. பழைய டிரைவுகள் அவற்றில் திணறும். எழுதி முடித்த வட்டையும் சரிபார்க்கலாம்: நாப்பிக்ஸில் துவக்க வரியில் நாப்பிக்ஸ் டெஸ்ட்சிடி என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், உபுண்டுவின் பழைய பதிப்புகளில் அதற்கென்று பட்டியலிலேயே ஓர் இனம் உண்டு, 20.04 முதல் அது தானாகவே நிகழ்கிறது.

நம் ஊரின் சீதோஷ்ணமும் இதில் பங்கு கொள்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில், இடவப்பாதி மழை தொடங்கினால் சுவர்களே வியர்க்கும் ஊரில், டிரைவின் கண்ணாடியில் தூசியும் ஈரமும் சேர்ந்து படலமாக உறைவதில் வியப்பில்லை. கொப்பரையும் மிளகாயும் மாவும் அளக்கும் கடைகளில் அந்தத் தூசி இன்னும் வீரியமானது. கடையில் எழுதிய வட்டுகள் அச்சிட்டு வார்த்த வட்டுகளைப் போன்றவையல்ல. அவற்றில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம். ஜன்னலோரத்து வெயிலில் சில மாதம் கிடந்தால் அது மங்கிவிடும். வட்டைத் துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, படிப்பதற்குப் பெருந்தடையாகும்.

இப்போது இந்த விஷயத்தின் மிகச் சிக்கலான பகுதிக்கு வருகிறோம். பட்டியல் ஒழுங்காகத் தோன்றிற்று, கெர்னலும் ஏறிற்று, வரிகள் மளமளவென்று ஓடின, பிறகு, லைவ் கோப்பமைப்புள்ள ஊடகம் எதையும் காணவில்லை என்ற கருத்தில் ஓர் ஆங்கில வரி வந்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற குறியோடு கட்டளைக்குக் காத்து நிற்கிறது. நாப்பிக்ஸாக இருந்தால், நாப்பிக்ஸ் கோப்பமைப்பைக் காணமுடியவில்லை, மன்னிக்கவும் என்று சற்று மரியாதையாகச் சொல்லும். வாசகருக்கு இது விபரீதமாகத் தோன்றும். அதே சிடியிலிருந்துதானே இத்தனை நேரமும் துவங்கியது, இப்போது அந்தச் சிடியையே காணோம் என்றால் எப்படி? பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு ஆராட்டுக்கு எழுந்தருளும்போது வாகனத்தைத் தாங்குவோர் தோள் மாற்றும் கணத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். முதற்பாதியில் வட்டைப் படித்தது பயாஸ், தன்னுடைய சொந்த எளிய முறையில். கெர்னல் எழுந்தவுடன் பயாஸின் உதவியைத் துறந்துவிட்டு, டிரைவைத் தன்னுடைய இயக்கிகளைக் கொண்டு புதிதாகக் கண்டுபிடிக்கிறது. அந்த இயக்கி மூட்டையில் இல்லாவிட்டாலோ, டிரைவ் விழித்துக்கொள்ளத் தாமதமானாலோ, பாரம் இரண்டு தோள்களுக்கும் நடுவே நின்றுவிடுகிறது.

இங்கே மனந்தளராமல் இரண்டு கட்டளைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால் கெர்னல் இதுவரை பேசியதெல்லாம் திரையில் ஓடும். எல்எஸ் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, டெவ், மறுபடி சாய்கோடு என்று முடித்தால் கண்டறிந்த சாதனங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அவற்றுள் எஸ்ஆர்0 என்ற பெயர் இருந்தால் டிரைவைக் கெர்னல் கண்டுகொண்டது. ஆகவே தோஷம் வட்டைப் படிப்பதில்தான், முன் சொன்ன பரிகாரங்களுக்குத் திரும்புக. ஓடிய வரிகளில் ஸ்குவாஷ்எஃப்எஸ் எர்ரர் என்றோ ஐ/ஓ எர்ரர் என்றோ இருந்தாலும் தீர்ப்பு அதுவே. எஸ்ஆர்0 இல்லாவிட்டால், டிரைவையே கெர்னல் அறியவில்லை. பயாஸ் அமைப்பில் சாட்டா முறை என்ற இடத்தில் ஐடிஇ என்றிருந்தால் ஏஹெச்சிஐ என்றும், ஏஹெச்சிஐ என்றிருந்தால் ஐடிஇ என்றும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் முன்பு என்ன இருந்தது என்று எழுதிவைக்காமல் மாற்றுவது ஆபத்து, ஏனெனில் அதை மாற்றினால் வன்வட்டிலுள்ள விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடக்கூடும். யூஎஸ்பியில் இணைத்த வெளி டிரைவாக இருந்தால் பெட்டியின் முன்புறத் துளையைவிட்டுப் பின்புறத் துளையில் நேராகச் செருக வேண்டும். முன்புறக் கம்பிகள் பல பெட்டிகளில் போதிய மின்சாரம் தருவதில்லை. விழித்துக்கொள்ளத் தாமதமாகும் டிரைவுகளுக்குச் சில சமயம் அந்த இனிட்ராம்எஃப்எஸ் குறியில் எக்ஸிட் என்று தட்டினாலே போதும். தேடுதல் மறுபடி நடந்து, இம்முறை அகப்பட்டுவிடும். பட்டையான நாடாக் கம்பியில் வன்வட்டும் சிடி டிரைவும் சேர்ந்து தொங்கும் மிகப் பழைய பெட்டிகளில், நாப்பிக்ஸுக்கு நோடிஎம்ஏ என்ற சொல்லைக் கொடுத்தால், வேகம் குறைந்தாலும் வேலை நடக்கும்.

கெர்னல் எழுமுன்பே ஒரே வரியில் மறுத்துவிடுவதும் உண்டு. எக்ஸ்86-64 வகைச் செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று அது சொன்னால், 64 பிட் வட்டை 32 பிட் இயந்திரத்தில் இட்டுவிட்டீர்கள். பிஏஇ என்ற வசதி இல்லை என்று சொன்னால், அது பெரும்பாலும் பென்டியம் எம் வகை மடிக்கணிப்பொறி. அவற்றுள் பல, அந்த வசதி உள்ளே இருந்தும் இல்லையென்று சாதிப்பவை. உபுண்டு வகையில் ஃபோர்ஸ்பிஏஇ என்ற சொல் அவற்றை வழிக்குக் கொண்டுவரும். 32 பிட்டுக்கு வட்டு கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. உபுண்டு 17.10-இலிருந்து அதற்கு மேசைக்கணினி வட்டு வெளியிடவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ் என்ற சிறு பதிப்பு இன்னும் அத்தகைய கிழட்டு இயந்திரங்களை ஆதரிக்கிறது. டாம் ஸ்மால் லினக்ஸ் என்பது ஒருகாலத்தில் 50 எம்பிக்குள் அடங்கிப் பேர்பெற்று, பல வருஷம் உறங்கி, ஆன்டிஎக்ஸை ஆதாரமாகக் கொண்டு 2024-இல் மறுபடி எழுந்தபோது 700 எம்பி சிடிக்குள் அடங்குவதையே விரதமாகக் கொண்டது. அந்த விரதத்துக்கு நான் வணக்கம் செலுத்துகிறேன்.

எல்லாம் ஓடி, கடைசியில் முகப்புத் திரை வரவேண்டிய இடத்தில் இருள் மட்டும் சூழ்ந்தால், இயந்திரம் உயிரோடிருக்கிறதா என்று விசைப்பலகையிலேயே தெரிந்துகொள்ளலாம். கேப்ஸ் லாக் விசையைத் தட்டும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் விழித்திருக்கிறது. கோளாறு சித்திரம் வரையும் பகுதியில் மட்டுமே. தொடாமலே அந்த விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் கெர்னல் பீதியுற்று நின்றுவிட்டது. முதல் வகையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரையாவது கிடைக்கும். கணக்குக் கோப்புகளை நகல் எடுப்பதற்கு அதுவே போதும் என்பதைச் சாமானியமாக யாரும் நினைப்பதில்லை. நிரந்தரப் பரிகாரம் நோமோட்செட் என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. 2009-ஐ ஒட்டித் திரையின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கெர்னலே மேற்கொண்டது. பென்டியம் 4 காலத்து இன்டெல் 845ஜி முதலிய சில்லுகளில் அந்த அதிகாரம் செல்லாமல் திரை இருண்டுபோவதுண்டு. இந்தச் சொல்லைக் கொடுத்தால் கெர்னல் அதில் தலையிடாமல் எளிய முறையிலேயே சித்திரம் காட்டும்.

எங்கே எப்படிக் கொடுப்பது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வழிகாட்டிகள் பலவும் இந்த இடத்தில் வாசகரை நடுத்தெருவில் விட்டுவிடுகின்றன. ஐசோலினக்ஸ் பட்டியலில் வேண்டிய வரியின் மேல் நின்று டேப் விசையை அழுத்தினால், கீழே நீண்ட வரி ஒன்று தோன்றும். அதன் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு அந்தச் சொல்லைச் சேர்த்து என்டர் தட்ட வேண்டும். க்ரப் என்னும் துவக்கியானால் இ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசிக்குச் சென்று சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும். அங்கே இருக்கும்போதே, அந்த வரியிலுள்ள க்வயட், ஸ்ப்ளாஷ் என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிடுக. அழகிய சின்னத்தைக் காட்டி உண்மையை மறைப்பவை அவை. நீக்கினால் ஒவ்வொரு அடியும் வரிவரியாகத் தெரியும், கடைசியாக நின்ற வரியே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். மாற்றம் அந்தத் தடவைக்கு மட்டுமே. வட்டில் எதுவும் எழுதப்படாது, ஆகவே பயமின்றிச் சோதிக்கலாம்.

வரிகள் ஓடி ஏதோ ஓரிடத்தில் காரணமின்றி உறைந்தால், ஏசிபிஐ=ஆஃப், பிறகு நோஏபிக், பிறகு நோலேபிக் என்று அதே இடத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூன்றையும் சேர்த்துக் கொடுத்து வட்டு எழுந்துவிட்டால், எது தேவையென்று தெரியாமல், மின்சார நிர்வாகம் இல்லாத கணிப்பொறியை வீணாகச் சுமக்க நேரும்.

முகப்பு வந்த பிறகு ஆமைவேகத்தில் நகர்வது நினைவகக் குறையால் ஆகலாம். லைவ் சிடியில் எழுதுவதெல்லாம் நினைவகத்திலேயே நடைபெறுவதால், 512 எம்பியோடு புதிய உபுண்டுவை எழுப்ப நினைப்பது வீண்; 256 எம்பியையே குறைந்தபட்சமாகச் சொல்லும் ஆன்டிஎக்ஸ் போன்றவையே அங்கே பொருந்தும். நினைவகம் தாராளமாக இருந்தால் டூராம் என்ற சொல் வட்டு முழுவதையும் அதில் ஏற்றிவிடும். பிறகு டிரைவ் ஓய்வெடுக்கும், வேகமும் பறக்கும். ஒவ்வொரு தடவை ஒவ்வோர் இடத்தில் நிற்பது நினைவகத் துண்டின் தோஷம்; பட்டியலில் மெம்டெஸ்ட் இருந்தால் அதை இரவு முழுதும் ஓடவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும், சிவப்பு வரி ஒன்று வந்தாலும் துண்டைக் கழற்றித் துடைத்துப் பொருத்திப் பார்ப்பது, அதற்கும் வசப்படாவிட்டால் மாற்றுவது. துலாவர்ஷ காலத்தில் மத்தியானத்துக்குமேல் இடி முழங்கத் தொடங்கினால் இந்தச் சோதனைகளையெல்லாம் ஒத்திப்போட்டு, மின்கம்பியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவைத்துவிடுக. இந்த ஊர் மின்னலுக்கு யூபிஎஸ் ஒரு பொருட்டல்ல.

டிரைவே தேய்ந்துபோயிருந்தால் வட்டை விட்டுப் பென்டிரைவுக்கு மாறுவதுதான் விவேகம். உபுண்டு நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகச் சிடி அனுப்பிய காலம் 2011-இல் முடிந்தது. மறுவருஷம் வந்த 12.10 பதிப்பே சிடியின் அளவைத் தாண்டிவிட்டது. இன்றைய பிம்பங்கள் பெரும்பாலும் இரண்டு ஊடகத்துக்கும் பொருந்தும்படியே செய்யப்படுகின்றன. பென்டிரைவிலிருந்து துவங்கத் தெரியாத பயாஸுக்கு, ப்ளாப் என்னும் சிறு துவக்கியை மட்டும் ஒரு சிடியில் எழுதி, அதன் மூலம் பென்டிரைவை எழுப்பும் உபாயமும் உண்டு. அத்தனை சிறிய நிரலை எந்தக் கிழட்டு டிரைவும் படித்துவிடும்.

இறுதியாக, அணைக்கும்போது நேரும் ஒரு குழப்பம். வேலை முடிந்து ஷட்டவுன் கொடுத்தபின், திரை இருண்டு, டிரைவின் தட்டு வெளியே நீண்டு, அப்படியே நின்றுவிட்டால் அதுவும் கோளாறு என்று எண்ணி அஞ்ச வேண்டாம். வட்டை எடுத்துவிட்டு என்டர் தட்டும்படி இயந்திரம் காத்திருக்கிறது; அந்த வரி சில திரைகளில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. வட்டை எடுத்து, தட்டை உள்ளே தள்ளி, என்டர் தட்டினால் அணையும். அப்போதும் அணையாவிட்டால் மின்விசையை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். வன்வட்டைத் திறக்காமல் இருந்திருந்தால் அதனால் நஷ்டமில்லை. கணக்குக் கோப்புகளைப் பென்டிரைவுக்கு நகல் எடுத்திருந்தால் மட்டும், அணைக்குமுன் பென்டிரைவின் சின்னத்தின்மேல் வலச்சொடுக்கிட்டு அன்மவுன்ட் கொடுத்து, அதன் விளக்கு மின்னுவது நிற்கும்வரை பொறுத்திருந்து பிடுங்க வேண்டும்.